ஊடு என்றால் திறக்கும்

நித்யஸ்ரீயின் வேலை பூட்டு மாட்டுவது.

சேலம் ஐந்து ரோட்டுக்குப் பக்கத்தில், ஒரு துணிக்கடையின் மேல்மாடியில் இருக்கும் சின்ன கம்பெனி அது. பள்ளிக்கூடங்கள், நூல் மில்கள், கோழிப்பண்ணைகள், கல்யாண மண்டபங்கள் என்று சுற்றுவட்டாரத்து ஆட்களின் இணையதளங்களைப் பராமரிக்கிறார்கள். ஒரு தளத்தைத் திறந்தால் முகவரிக்கு முன்னால் குட்டியாக ஒரு பூட்டு தெரியும். அது தானாக வந்து உட்காருவதில்லை. 'இந்தப் பெயருக்கு உரிய சர்வர் இதுதான்' என்று வெளியிலிருந்து ஓர் அமைப்பு சான்றிதழ் தர வேண்டும். அதை வாங்கி சர்வரில் ஏற்ற வேண்டும், காலாவதியாகும் முன் புதுப்பிக்க வேண்டும். எங்காவது பிசகினால் பூட்டு போய்விடும். திரை முழுக்கச் சிவப்பாக ஓர் எச்சரிக்கை வரும். பள்ளித் தாளாளர் போனில் கத்துவார். அந்தக் கத்தலைக் கேட்டுச் சரிசெய்வது நித்யஸ்ரீயின் பொறுப்பு.

"தாலுகா ஆபீஸ்ல கூட இவ்வளவு சர்டிபிகேட் குடுத்திருக்க மாட்டாங்கடி" என்பாள் பக்கத்து மேசை யாழினி. ஆத்தூர்க்காரி. நித்யஸ்ரீக்கு 'சர்டிபிகேட் அம்மா' என்று பெயர் வைத்ததும் அவள்தான்.

நித்யஸ்ரீக்குப் புதுச்சத்திரம். நாமக்கல் போகும் நெடுஞ்சாலையிலிருந்து நான்கு வீடு தள்ளி வீடு. தினமும் பஸ்ஸில் சேலம் போய் வருவாள். அப்பா அர்த்தநாரி லாரி ஓட்டியவர். கல்கத்தா, கௌகாத்தி, லூதியானா என்று நாமக்கல் லாரி போகிற இடமெல்லாம் போனவர். ஓட்டுவதை நிறுத்திய பிறகு ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றது. முதலில் ஊர்ப் பெயர்கள் போயின. பிறகு ஆட்களின் பெயர்கள். ஒருநாள் மகளையே பார்த்து, "ஆருங் கண்ணு நீ? நம்ம புக்கிங் ஆபீஸ் புள்ளையா?" என்று கேட்டார்.

"ஆமாங்கப்பா" என்று அவளும் சொல்லிவிட்டாள். திருத்தித் திருத்தி அலுத்துப் போயிருந்தது.

லாரியை மட்டும் அவர் மறக்கவில்லை. காலையில் எழுந்ததும் பைபாஸுக்கு நடப்பார். டீ குடிக்க நிற்கும் லாரிகளின் டயர்களை ஒரு கம்பியால் தட்டிக் காற்றுப் பார்ப்பார். "ஏனுங்க டிரைவரே, பின்னாடி உள்டயரு செத்துக் கெடக்குது, கண்ணு தெரியலீங்களா?" என்று அதட்டுவார். பெரும்பாலும் டயர் செத்துத்தான் கிடக்கும். சில நாள் கேபினில் ஏறி உட்கார்ந்துகொள்வார். உள்ளூர் டிரைவர்கள் நைசாகப் பேசி இறக்கி, வீட்டில் விட்டுப் போவார்கள். மனைவி வசந்தாமணி கதவைத் திறந்து, "டூட்டி முடிஞ்சுதுங்களா?" என்பாள்.

"எங்க முடிஞ்சுது? இன்னும் லோடு எறக்கோணும்."

"சோத்தத் தின்னுட்டு எறக்கிக்குவீங்களாம், வாங்க."

ஐப்பசி மழை பிடித்திருந்த ஒரு காலையில் அவர் ஏறிய லாரி உள்ளூர் லாரி இல்லை. அவர் ஏறியதை யாரும் பார்க்கவில்லை. பைபாஸ் டீக்கடைக்காரருக்கு நினைவிருந்தது இவ்வளவுதான்: வடக்கத்தி நம்பர், தார்ப்பாய் கட்டியிருந்தது, சீக்கிரம் கிளம்பிவிட்டது.

போலீஸில் புகார் கொடுத்தார்கள். அவர்களும் தேடினார்கள். ஜெகதீஸ்வரன் என்று ஒருவர். அர்த்தநாரியிடம் கிளீனராகச் சேர்ந்து, பிறகு சொந்த லாரி வாங்கி ஓட்டுகிறவர். அர்த்தநாரியை 'அண்ணன்' என்பார்; நித்யஸ்ரீக்கு அவர் மாமா. டிரைவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் எல்லாம் அர்த்தநாரியின் படத்தைப் போட்டார். படத்துக்குக் கீழே பெயர், ஊர், மனைவி பெயர், அவளுடைய போன் நம்பர்.

அந்த நம்பர்தான் வீட்டைக் குலைத்தது. யார் யாரோ கூப்பிட்டார்கள். குடித்துவிட்டுக் கூப்பிட்டவர்கள் உண்டு. ஜோசியம் சொல்லக் கூப்பிட்டவர்கள் உண்டு. ஒருவன், "உங்க வீட்டுக்காரர் இங்கதான் இருக்காரு, பேசுங்க" என்று போனை யாரிடமோ கொடுத்தான். கரகரத்த குரலில், "வசந்தா..." என்றது. வசந்தாமணி போனைக் காதில் வைத்தபடி செருப்பில்லாமல் ரோட்டுக்கு ஓடினாள், அங்கே போனால் இன்னும் தெளிவாகக் கேட்கும் என்பது போல. அந்தப் பக்கம் நாலைந்து பேர் சேர்ந்து சிரிக்கும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு போன் அடித்தாலே அவள் அதை மகளிடம் தள்ளிவிட்டாள்.

நம்பரை எடுத்துவிட்டு, அப்பாவைத் தேட ஓர் இணையதளம் செய்வது என்று நித்யஸ்ரீ முடிவு செய்தாள். அவருடைய படங்கள், அடையாளங்கள். பார்த்தவர்கள் படம் எடுத்து அனுப்ப ஓர் இடம். அனுப்பினால் அவள் போனில் மட்டும் மணி அடிக்கும். படம் இல்லாமல் யாரும் கதை விட முடியாது.

"என்னன்னும்மா பேரு வெக்கட்டும்?"

வசந்தாமணி யோசிக்கவே இல்லை. "ஊடு வாங்கப்பான்னு வையி. நீ கூப்புட்டா வருவாரு."

அம்மா சொன்னதை அப்படியே ஆங்கில எழுத்தில் தட்டி, 'ஊடுவாங்கப்பா' என்று பதிவு செய்தாள். அன்றே அந்தப் பெயருக்குச் சான்றிதழ் வாங்கி ஏற்றினாள். பூட்டு வந்தது.

அடுத்து ஸ்டிக்கர். அப்பா போயிருப்பது லாரியில். தேட வேண்டியதும் லாரியில்தான் என்றார் ஜெகதீஸ்வரன். நம்ம ஊர் லாரி போகாத ரோடு இந்தியாவில் எது? ஒவ்வொரு லாரியின் பின்கதவிலும் ஒரு ஸ்டிக்கர். அப்பா படம், மூன்று மொழியில் 'காணவில்லை', போனைக் காட்டினால் தளத்துக்குக் கொண்டுபோகும் கியூஆர் கட்டம். அம்மாபேட்டையில் அன்பழகன் பிரஸ்ஸில் கொடுத்தார்கள். அன்பழகன் கம்ப்யூட்டரில் பெயரைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"ஊடு... இதென்னம்மா ஸ்பெல்லிங்? வெளியூர்க்காரன் படிச்சா ஊதுவத்தி கம்பெனின்னு நினைச்சுக்குவான்."

"எங்க பக்கம் அப்படித்தாங்கண்ணா சொல்லுவோம்."

"உங்க பக்கத்துக்காரங்க எதுக்கும்மா ஸ்டிக்கரைப் பார்க்கணும்? அவங்களுக்குத்தான் உங்கப்பாவைத் தெரியுமே. வீடுன்னு போடு. தமிழ் தெரிஞ்சவனுக்காவது புரியும்."

சரியென்று பட்டது. 'வீடுவாங்கப்பா' என்ற பெயரையும் வாங்கி, அதே சர்வருக்குத் திருப்பிவிட்டாள். எந்தப் பெயரில் வந்தாலும் ஒரே பக்கம். அன்பழகன் அச்சடிக்கும் முன் மாதிரி அனுப்பினார். கட்டத்தில் போனைக் காட்டினாள். அப்பா முகம் வந்தது. "அடிச்சிருங்கண்ணா" என்றாள்.

ஸ்டிக்கர்கள் ஜம்முவுக்கும் அசாமுக்கும் கிளம்பிப் போன பிறகு அவளுக்கு ஒன்று உறுத்தியது. முன்பின் தெரியாதவர்கள் தங்கள் நம்பரையும் படத்தையும் இதில் அனுப்பப் போகிறார்கள். பூட்டு இல்லாத பழைய வழியும் திறந்தே இருக்கிறதே? பள்ளிக்கூடத் தளங்களில் செய்வதைப் போலவே இதிலும் செய்தாள். யார் எந்த வழியில் வந்தாலும் பூட்டுள்ள வழிக்குத் திருப்பிவிடும்படி மாற்றினாள். மாற்றியதும் சோதிக்க வேண்டும் அல்லவா? தன் போனில் முகவரியைத் தட்டினாள். பூட்டு. அம்மாவின் போனில் தட்டினாள். பூட்டு. ஹூப்ளியில் இருந்த ஜெகதீஸ்வரனைத் தட்டச் சொன்னாள். "பூட்டு தெரியுது சாமி, நல்லாத் தொறக்குது" என்றார்.

அப்புறம் போன் அடிக்கவே இல்லை.

கார்த்திகை போனது. மார்கழி வந்தது. இவ்வளவு லாரிகள் ஓடுகின்றன, பெட்ரோல் பங்குகளிலும் தாபாக்களிலும் டிரைவர்கள் ஸ்டிக்கர் ஒட்டி வைத்திருக்கிறார்கள், வெளியூரிலிருந்து தளத்துக்கு ஆள் வருவதே இல்லை. ஊரில் இருந்து மட்டும் அத்தை, சித்தி, பக்கத்து வீடு என்று திறந்து திறந்து பார்த்தார்கள்.

"ஒருத்தனுக்குக் கூடவா ஒரு நிமிசம் இல்ல?" என்று ஆபீஸில் அழுதாள்.

"ஸ்கேன் பண்ணாத, பேங்க் கணக்கு காலியாயிடும்னு டிவியில டெய்லி சொல்றாங்கடி. பயப்படுவாங்க. கொஞ்சம் பொறு" என்றாள் யாழினி.

பொங்கல் கழிந்து ஒரு மத்தியானம் ஜெகதீஸ்வரன் கூப்பிட்டார். நாக்பூருக்கு இந்தப் பக்கம் ஒரு தாபாவில் நிற்கிறார்.

"சாமி, நம்ம ஸ்டிக்கர்ல ஏதோ கோளாறு. இந்தத் தாபாக்காரன் என்னையத் திருடன்ங்கறான்."

"என்னங் மாமா சொல்றீங்க?"

"வண்டிய நிறுத்திப் போட்டு எறங்கறேன், ஸ்டிக்கரக் காட்டி, 'மதராஸி, நீ எந்தக் கோஷ்டி, பேங்க் கோஷ்டியா?'ன்னு நக்கலடிக்கறான். அடேய் அது எங்க அண்ணன்டாங்கறேன். அவன் போன வெச்சுக் காட்டறான், திருடன் இருக்கறான்னு செவப்பா வருது. எம் போன வாங்கிக் காட்டறான், எனக்கும் வருது. எனக்கு மானமே போச்சு. சாமி, நீ உக்காந்துக்க."

"உக்காந்துட்டுத்தாங் இருக்கறேன். சொல்லுங்க."

"அண்ணன் இங்க இருந்திருக்காரு."

நித்யஸ்ரீ எழுந்துவிட்டாள்.

தாபாக்காரர் சொன்னதாக ஜெகதீஸ்வரன் சொன்னது இது. கார்த்திகை வாக்கில் ஒரு லாரி டிரைவர் இறக்கிவிட்டுப் போன பெரியவர். பேச்சு புரியாது. ஆனால் நிற்கிற வண்டியெல்லாம் டயர் தட்டிப் பார்ப்பார். டிரைவர்களுக்குப் பிடித்துப் போய் ஆசான் என்ற பொருளில் 'உஸ்தாத்' என்று பேர் வைத்து டீ வாங்கிக் கொடுப்பார்கள். வாரக்கணக்கில் அங்கேயே சாப்பிட்டு அங்கேயே கயிற்றுக் கட்டிலில் படுத்திருக்கிறார். பக்கத்து பெட்ரோல் பங்குத் தூணில் இதே ஸ்டிக்கரைத் தாபாக்காரர் பார்த்திருக்கிறார். அட, நம் உஸ்தாத்! உடனே போனைக் காட்டினார். சிவப்பு. சமையல்காரரின் போனைக் காட்டினார். சிவப்பு. உங்கள் தகவலைத் திருட யாரோ முயலக்கூடும் என்று இந்தியில் எழுதியிருந்தது. கிழவரின் படத்தை வைத்து ஏதோ மோசடிக் கும்பல் வலை விரிக்கிறது என்று நினைத்து, ஸ்டிக்கரைக் கிழித்துப் போட்டுவிட்டு, பெரியவரை ரோட்டோரம் போகவிடாமல் பார்த்துக்கொண்டார்.

"இப்ப எங்கங் மாமா அப்பா?"

"அதச் சொல்ல மாட்டேங்கறானே! உன்னைய எப்படி நம்பறது, மொதல்ல உம்பக்கத்தத் தொறந்து காட்டுங்கறான். எனக்கு இந்தி டீசல் போடற அளவுக்குத்தான் வருது. சாமி, நீ அதத் தொறக்க வையி. வெரசா."

நித்யஸ்ரீ தன் போனில் தளத்தைத் தட்டினாள். திறந்தது. பூட்டு இருந்தது. சான்றிதழ் காலாவதி ஆகிவிட்டதா என்று பார்த்தாள். இல்லை.

"மாமா, அவரு போன்ல தேதி சரியா இருக்குதான்னு பாருங்க." போனில் தேதி தப்பாக இருந்தால், நல்ல சான்றிதழும் காலாவதி ஆனதாகத் தெரியும்.

"இன்னைக்குத் தேதிதான் காட்டுது."

"பழைய போனுங்களா?"

"என்றதவிடப் புதுசு."

சர்வருக்குள் நுழைந்தாள். சான்றிதழோடு சேர்ந்து போக வேண்டிய இடைச் சான்றிதழ் விடுபட்டிருந்தால் சில போன்கள் நம்பாது. அது இருந்தது. தாபாவின் வைஃபை ஏதாவது வழிமறிக்கிறதா? ஜெகதீஸ்வரனின் நெட்டைப் பகிர்ந்து பார்க்கச் சொன்னாள். அப்போதும் சிவப்பு. மறுபடி தன் போனில் தட்டினாள். பூட்டு. ஒரு பள்ளிக்கூடத் தளமாக இருந்திருந்தால் இந்நேரம் கண்டுபிடித்திருப்பாள்.

"இந்தாளுக்கு அடுப்பு வேலை இருக்குதாமா, போறேங்கறான்" என்றார் ஜெகதீஸ்வரன்.

"புடிச்சு வையுங்க மாமா! கால்ல உழுந்தாச்சும் புடிச்சு வையுங்க!"

யாழினி நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தாள். "இரு, நான் என் போன்ல பார்க்கறேன்." இதுவரை நித்யஸ்ரீ அனுப்பிய லிங்கைத் தொட்டுத்தான் அவள் திறந்திருக்கிறாள். இப்போது அவசரத்தில் அதைத் தேடவில்லை; பெயரைத் தட்டினாள். "நித்யா, எனக்கும் சிவப்பா வருதுடி."

நித்யஸ்ரீ அந்தப் போனைப் பிடுங்கி, மேலே இருந்த முகவரியைப் பார்த்தாள்.

"நீ என்னன்னு போட்ட?"

"வீடு வாங்கப்பா. ஏன், அதானே பேரு?"

சான்றிதழ் ஒரு பெயருக்குத் தரப்படுவது. நித்யஸ்ரீ அதை வாங்கியது முதல் நாளில், 'ஊடு' என்ற பெயருக்கு. 'வீடு' பிற்பாடு வந்து சேர்ந்தது. அதற்குச் சான்றிதழ் இல்லை. பூட்டு இல்லாத வழி இருந்தவரை அதுவும் திறந்தது. அன்பழகனின் மாதிரியில் அப்பா முகம் வந்தது அதனால்தான். எல்லோரையும் பூட்டுள்ள வழிக்குத் திருப்பிய நிமிடத்திலிருந்து, 'வீடு' என்று வந்தவர்களுக்கெல்லாம் சர்வர் 'ஊடு' என்ற பெயர் போட்ட சான்றிதழை நீட்டியிருக்கிறது. பெயர் ஒத்துப்போகவில்லை, நம்பாதே என்று போன்கள் சொல்லியிருக்கின்றன. அவை சரியாகத்தான் சொல்லியிருக்கின்றன. ஸ்டிக்கரில் இருந்தது 'வீடு'. சோதித்துப் பார்த்தவர்கள் புதுச்சத்திரத்துக்காரர்கள். அவள், அம்மா, ஜெகதீஸ்வரன், அத்தை, சித்தி. அவர்களில் ஒருவர் வாயிலும் விரலிலும் வீடு என்ற சொல் வராது.

சரிசெய்ய ஒரு வரிக் கட்டளை போதும். இரண்டு பெயரையும் சேர்த்துப் புதுச் சான்றிதழ் கேட்டாள். வந்தது. ஏற்றினாள். யாழினி தன் போனில் மறுபடி தட்டினாள். சிவப்பு போய், டிரைவர் உடுப்பில் அர்த்தநாரி சிரித்தார்.

"மாமா, இப்பப் பாக்கச் சொல்லுங்க."

அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம், லாரி ஹாரன், யாரோ இந்தியில் ஏதோ சொல்வது. பிறகு முதல்முறையாக நித்யஸ்ரீயின் போனில் அந்த மணி அடித்தது. தாபாக்காரர் எப்போதோ எடுத்து வைத்திருந்த படம் வந்திருந்தது. யாரோ கொடுத்த பச்சை ஸ்வெட்டர், நரைத்த தாடி, கையில் கம்பி. ஒரு பஞ்சாப் லாரியின் டயர் பக்கத்தில் குந்தியிருந்தார். கேமராவைப் பார்த்து முறைத்துக்கொண்டிருந்தார்.

"சொல்லிட்டான் சாமி" என்றார் ஜெகதீஸ்வரன். "அண்ணன் எந்நேரமும், 'ஊட்டுக்குப் போகோணும், ஊட்டுக்குப் போகோணும்'னே சொன்னாராமா. இவனுக்கு அது ஊட்டின்னு கேட்டிருக்குது. ஊட்டி தெரியாதவன் ஆரு? பாவம், இந்தப் பெரியவரு ஊட்டிக்காரருன்னு நெனச்சு, மேட்டுப்பாளையத்துக்குப் பூண்டு ஏத்தப் போற லாரியில, தெரிஞ்ச டிரைவரா பாத்து ஏத்தி உட்டிருக்கறான். மார்கழியில."

தாபாக்காரர் அந்த டிரைவரின் நம்பரையும் கொடுத்தார். கூப்பிட்டுப் பேசினார்கள். ஆமாம், மேட்டுப்பாளையத்தில் ஊட்டி பஸ்ஸில் உட்கார வைத்து டிக்கெட்டும் எடுத்துக் கொடுத்தேன், பெரியவர் சௌக்கியமா என்று அவர் கேட்டார். ஊட்டிக்குப் போகும் பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு 'ஊட்டுக்கு' என்று சொல்கிறவரை எந்தக் கண்டக்டர் நிறுத்தி விசாரிப்பார்? அந்த லாரி சேலம் வழியாகத்தான் போயிருக்கிறது. கொண்டலாம்பட்டியில் கோவை ரோட்டுக்குத் திரும்பியிருக்கிறது. அங்கிருந்து புதுச்சத்திரம் ஒரு மணி நேரம் கூட இல்லை.

ஆனால் அன்று அவர்கள் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை. ஊட்டிதானே! நாக்பூர் இல்லை, பஞ்சாப் இல்லை. விடிந்தால் போய்விடலாம். வசந்தாமணி வேட்டி, சட்டை, துண்டு, குளிருக்குக் குல்லா என்று பை நிறைய எடுத்து வைத்தாள். கண்ணாடி முன் நின்று, வெகுநாளைக்குப் பிறகு தலைவாரினாள்.

"நீயும் வாயேம்மா."

"நா வல்ல. ரெண்டு பேரும் போயிட்டா, அவிய இங்க வந்து கதவத் தட்டுனா ஆரு தொறக்கறது? போன தபாலும் வந்த தபாலும் மாறிப் போச்சுன்னு ஆகறதுக்கா? நீ போய்க் கூட்டிட்டு வா."

யாழினி கூட வந்தாள்.

ஊட்டி பஸ் ஸ்டாண்டில் முதல் கடையில் தெரியாது என்றார்கள். இரண்டாவது கடையிலும் தெரியாது. மூன்றாவது, ஓர் அம்மா நடத்தும் டீக்கடை. தலையில் மப்ளர் சுற்றியிருந்தார். படத்தை வாங்கிப் பார்த்ததும் பாய்லரின் தீயைக் குறைத்தார்.

"இவரா... நீங்க யாருங்கம்மா?"

"மகங்க... பொண்ணுங்க." வார்த்தை குழறியது. "எங்கப்பா."

"விடிகாலை பஸ்ல வந்து இறங்கினாரு. பச்சை ஸ்வெட்டர். 'ஊட்டிக்குப் போகணும், ஊட்டிக்குப் போகணும்'னு அங்கயும் இங்கயும் நடந்துட்டே இருந்தாரு. எனக்குச் சிரிப்பா வந்துச்சு. 'இதுதான் ஊட்டி தாத்தா, வந்துட்டீங்க'ன்னேன். நின்னு சுத்திச் சுத்திப் பார்த்தாரு. 'ஆரையுங் காணமே'ன்னாரு."

யாழினி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"டீ குடுத்தேன். குடிச்சுட்டு இன்னொன்னும் வாங்கிக் குடிச்சாரு. அப்புறம் இங்கயேதான் இருந்தாரு. ராத்திரிக்குக் கம்பளி குடுத்தோம். ஒரு நாள் காலையில எழுப்பினா எந்திரிக்கல. ஆம்புலன்ஸ் வந்து கொண்டுபோச்சு." அந்த அம்மா படத்தைத் திருப்பிக் கொடுத்தார். "நீங்க ஸ்டேஷன்ல போய்க் கேளுங்கம்மா. எனக்கு அதுக்கு மேல தெரியாது." தெரிந்திருந்தது என்பது முகத்தில் தெரிந்தது.

போலீஸ் ஸ்டேஷனில் உட்கார வைத்தார்கள். தண்ணீர் கொடுத்தார்கள். பிறகுதான் படத்தைக் காட்டினார்கள். மார்கழிக் குளிர், நெஞ்சில் சளி, ஆஸ்பத்திரியில் மறுநாளே போய்விட்டார். புகாரில் இருந்த படத்தில் மழுமழுவென்று மழித்த முகம். இங்கே தாடியோடு வேறு ஆளாக இருந்தார். உரியவர்கள் வருவார்களா என்று வைத்துப் பார்த்துவிட்டு அடக்கம் செய்திருந்தார்கள்.

அடக்கம் செய்த இடத்தைக் காட்ட ஒரு காவலர் கூட வந்தார். சரிவில், ஈரமண். நித்யஸ்ரீ குனிந்து மண்ணைத் தொட்டாள். "எங்கப்பாவுக்குக் குளுரே ஆகாதுடி" என்றாள் யாழினியிடம். பஸ்ஸில் திரும்பி வரும்போது குல்லா இருந்த பை மடியிலேயே இருந்தது. அம்மாவிடம் போனில் சொல்ல வேண்டியதை யாழினிதான் சொன்னாள்.

ஜெகதீஸ்வரன் வந்தார், உறவுகள் வந்தார்கள், படத்துக்கு மாலை போட்டுக் காரியம் நடந்தது. எல்லோரும் போன பிறகு, ஒரு சாயங்காலம், வசந்தாமணி கேட்டாள்.

"அந்தத் தாபாக்காரன் நல்ல மனுசன்ங்கறீங்க. சோறு போட்டிருக்கறான், குளுருக்குத் துணி குடுத்திருக்கறான். ஸ்டிக்கரயும் பாத்திருக்கறான். அப்பறம் ஏஞ்சாமி நமக்கு ஒரு சேதி சொல்லல?"

சிக்னல் இல்லை என்று சொல்லலாம் என்று நித்யஸ்ரீ நினைத்து வைத்திருந்தாள். சொல்ல வரவில்லை. "சொல்லத்தாம்மா பாத்தாரு. ஸ்டிக்கர்ல வீடுன்னு போட்டிருந்துது. நா பூட்டு வாங்குனது ஊடுங்கற பேருக்கு மட்டும். அதனால அவருக்குத் தொறக்கல. எந்தப்பும்மா."

வசந்தாமணிக்குப் புரியவில்லை. "ஊடுன்னா தொறக்கும், வீடுன்னா தொறக்காதா?"

"ஆமாம்மா."

"ரெண்டும் ஒண்ணுதான சாமி?"

"நமக்கு ஒண்ணும்மா. அதுக்கு வேற."

"ரெண்டும் ஒண்ணுதான?" என்று இன்னொரு முறை கேட்டாள், மகளைப் பார்த்து இல்லை. எழுந்து உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு சில நாட்கள் அந்த வீட்டில், பஸ் வந்துவிட்டதா, காஸ் தீர்ந்துவிட்டது என்பதைத் தவிர வேறு பேச்சு இல்லை. நித்யஸ்ரீ வேலைக்குப் போனாள். பள்ளிக்கூடங்களின் சான்றிதழ்களைப் புதுப்பித்தாள். ஒவ்வொரு தளத்தையும், அதற்கு எத்தனை பெயர் உண்டோ அத்தனை பெயரிலும், எழுத்து எழுத்தாகத் தட்டிப் பார்த்தாள். யாழினி கேலி செய்யவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, துணி மடித்துக்கொண்டிருந்த வசந்தாமணி, தலையைத் தூக்காமல் கேட்டாள்.

"அந்த டீக்கடக்காரம்மா வேற என்ன சொல்லுச்சு? அவிய என்ன பேசுனாங்களாமா?"

நித்யஸ்ரீ அம்மாவின் கையைப் பார்த்தாள். ஒரே துண்டைப் பிரித்துப் பிரித்து மடித்துக்கொண்டிருந்தது.

"ஒண்ணும் பேசலியாமா. டீ குடிச்சாராமா. ரெண்டு டீ."

"சக்கர போட்டா?"

சர்க்கரை வியாதி வந்ததிலிருந்து அவருக்குச் சர்க்கரை இல்லாத டீதான் கொடுத்தாள் வசந்தாமணி. தினமும் டம்ளரைத் தள்ளிவிட்டுத் திட்டுவார். அவளும் திருப்பித் திட்டுவாள். அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த சண்டை அது.

"போட்டுத்தாம்மா குடுத்திருப்பாங்க."

வசந்தாமணி துண்டைக் கீழே வைத்தாள்.

"குடிக்கட்டும், உடு" என்றாள்.